ஜேசிபி வெட்டினது ரெண்டு ஃபைபர், கன்ட்ரோலர் காட்டினது ரெண்டு தனிப்பாதை: கேரியர் நெட்வொர்க்கில் எஸ்டிஎன் நிஜமா என்ன மாத்திச்சு?

#1 நடுராத்திரி_ஷிஃப்ட்

வணக்கம். போன மாசம் நடந்த ஒண்ணைச் சொல்லிட்டு ஒரு கேள்வி கேக்கறேன். கம்பெனி பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

நான் ஒரு கேரியர்ல, அதாவது டெலிகாம் கம்பெனியில, ஐபி கோர் டீம். ஒண்ணரை வருஷமா பேக்போன்ல எஸ்டிஎன் (நெட்வொர்க்கை மையத்துலேர்ந்து மென்பொருள் நடத்தறது) ஏத்திக்கிட்டு இருக்கோம். கீழே செக்மென்ட் ரவுட்டிங் (போற வழியை பாக்கெட்லயே எழுதி அனுப்பற முறை), அதுக்கு மேல பாதை கணக்குப் போடற கன்ட்ரோலர், எல்லாத்துக்கும் மேல அழகா ஒரு மேப். ஒரு வங்கியோட ரெண்டு டேட்டா சென்டருக்கு நடுவுல மெயின் ஒண்ணு, பேக்கப் ஒண்ணு. ரெண்டும் எங்கேயும் ஒட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம். முன்னெல்லாம் இதுக்கு ரெண்டு பேர் எக்ஸெல் ஷீட்டோட மூணு நாள் உக்காருவோம். இப்போ ஒரு டிக் அடிச்சா நாலு செகண்ட். மேப்ல பச்சைக் கோடு ஒண்ணு கிழக்கால போச்சு, ஒண்ணு மேற்கால போச்சு. டெமோ பாக்க வந்த பெரியவங்க கைதட்டினாங்க.

ஒரு நாள் மதியம் 2:40. நெடுஞ்சாலையை அகலப்படுத்துற இடத்துல ஒரு ஜேசிபி. ரெண்டு பச்சையும் ஒரே நேரத்துல சிவப்பு.

கன்ட்ரோலர் பக்தான்னு வெண்டரோட கால்ல ஒரு மணி நேரம் கத்தினோம். அப்புறம் ஃபைபர் டீம் ஓடிடிஆர் (ஃபைபர் எவ்வளவு தூரத்துல அறுந்திருக்குன்னு காட்டற கருவி) படம் அனுப்பினாங்க. எங்க ஸ்டேஷன்லேர்ந்து ஒரு லிங்க் 17.3 கிலோமீட்டர்ல கட். இன்னொண்ணு 17.4ல கட். அதைப் பாத்ததும் கால்ல ஒருத்தரும் பேசலை.

ஒண்ணு எங்க சொந்த ஃபைபர். இன்னொண்ணு வேற கம்பெனியோட மாத்திக்கிட்டது. ரெண்டும் ஒரு கல்வெர்ட் பக்கத்துல 400 மீட்டர் போல ஒரே பள்ளத்துல ஓடுது. கையேட்டுப்படி 1.65 மீட்டர் ஆழம் இருக்கணும். பாறைன்னு சொல்லி முழங்கால் ஆழத்துல புதைச்சிட்டுப் போயிட்டாங்க. மேப் நோடுக்கு நோடு நேர்கோடு போடுது, அவ்வளவுதான். தரையில எந்த வழியா வருதுன்னு அதுக்கு யாரும் சொல்லலை.

கேள்வி இதுதான். பத்து வருஷமா எஸ்டிஎன் கேரியர் நெட்வொர்க்கைப் புரட்டிப் போடுதுன்னு கேக்கறோம். புரண்டது எது, அப்படியே கிடக்கறது எது? வெண்டர் ஸ்லைடு வேண்டாம். கையில பட்டதைச் சொல்லுங்க.

#2 லேபிள்ஸ்டேக்

கன்ட்ரோலரைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. உங்கள் லிங்க்குகளில் எஸ்ஆர்எல்ஜி எண் சரியாக இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், ஒன்றில் எண் இருக்கும், இன்னொன்றில் காலியாக இருக்கும்.

இனி பெரிய கேள்விக்கு. எஸ்டிஎன் என்று 2008-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓப்பன்ஃப்ளோ வந்தபோது காட்டிய படம் வேறு. ஸ்விட்சில் மூளையே வேண்டாம், எல்லா முடிவும் மையத்தில், ஸ்விட்ச் சொன்னதைச் செய்தால் போதும். 2011-ல் ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், யாஹூ கூடவே டாய்ச்ச டெலிகாமும் வெரைசனும் உட்கார்ந்திருந்தன. கேரியர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தப் படம் நாடு முழுக்கப் பரந்த நெட்வொர்க்கில் அப்படியே வரவில்லை. கணக்கு எளிது. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட். கன்ட்ரோலர் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், செய்தி போய் வரவே 20 மில்லி செகண்ட். லிங்க் அறுந்ததைக் கண்டுபிடிக்கவும், புதுப் பாதை கணக்கிடவும், ரவுட்டரில் எழுதவும் ஆகும் நேரம் தனி. எஸ்டிஎச் என்ற பழைய ஃபைபர் தொழில்நுட்பத்தின் காலத்திலிருந்தே கேரியருக்கு 50 மில்லி செகண்டுக்குள் மாற்றுப்பாதை என்பது எழுதாத சட்டம். தூரத்து மூளையைக் கேட்டுக் கேட்டு அதைப் பிடிக்க முடியாது.

அதனால் நடந்தது சமரசம். வழி கண்டுபிடிக்கும் ஐஎஸ்-ஐஎஸ், பிஜிபி நெறிமுறைகள் எல்லாம் ரவுட்டரிலேயே இருக்கின்றன. அறுந்தால் பக்கத்து ரவுட்டரே தானாக மாற்றிவிடும். அவசரமில்லாத, மொத்த நெட்வொர்க்கையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை மட்டும் கன்ட்ரோலருக்கு. எந்த டிராஃபிக் எந்த வழி, எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் தாமதம் என்பது போன்றவை.

இது சின்ன மாற்றமில்லை. டனல் எனும் முன்பதிவுப் பாதைகளைப் போடும் பழைய முறையான ஆர்எஸ்விபி-டிஇ ஓட்டியவர்களுக்குத் தெரியும். 100 எட்ஜ் ரவுட்டர் இருந்து எல்லோருக்கும் எல்லோரோடும் டனல் போட்டால் 9,900 டனல். நடுவில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் வழியாகப் போகும் டனலை எல்லாம் நினைவில் வைக்க வேண்டும். பெரிய லிங்க் ஒன்று விழுந்தால் ஒரே நேரத்தில் எல்லோரும் காலியான லிங்க்கைப் பார்த்து ஓடுவார்கள், பாதிப் பேருக்கு இடமிருக்காது, திரும்ப முயற்சி, திரும்ப நெரிசல். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுவது போல. செக்மென்ட் ரவுட்டிங்கில் போகவேண்டிய வழியை நுழைவாயில் ரவுட்டரே பாக்கெட்டின் தலையில் எழுதிவிடும். நடுவில் இருப்பவர்களுக்கு நினைவு வைக்கும் வேலையே இல்லை. பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று வாசலில் ஒருவர் பார்த்துச் சொல்கிறார். அவர்தான் கன்ட்ரோலர்.

#3 கடைசி_வருஷம்

அக்கா, எஸ்ஆர்எல்ஜின்னா என்ன? காலேஜ்ல ஓப்பன்ஃப்ளோ லேப் மட்டும்தான் பண்ணினோம், லேப்டாப்லயே ஓடற மினிநெட்ல.

#4 நடுராத்திரி_ஷிஃப்ட்

தம்பி, ஒரே ஆபத்துல விழக்கூடிய லிங்க்குக்கெல்லாம் ஒரே நம்பர் குடுக்கறது. ஒரே பள்ளம், ஒரே பாலம், ஒரே கரண்ட் லைன் இப்படி. அந்த நம்பரை வெச்சுத்தான் கன்ட்ரோலர் "இது ரெண்டும் தனி"ன்னு முடிவு பண்ணும். நம்பரைப் போடறது மனுஷன்.

லேபிள்ஸ்டேக் அக்கா, பந்தயம் நீங்கதான் ஜெயிச்சீங்க. எங்க ஃபைபர்ல நம்பர் இருந்துச்சு. மாத்திக்கிட்ட ஃபைபர்ல ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லைன்னா ஆபத்தே இல்லைன்னு கன்ட்ரோலர் எடுத்துக்கிச்சு.

#5 கேபிள்_ரெஜிஸ்டர்

இளைஞர்களே, நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டுப்பாட்டைத் தனியே பிரிப்பது 2008-ல் பிறந்த யோசனை என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தொலைபேசியில் பேச்சு ஒரு வழியிலும் சிக்னல் வேறு வழியிலும் போகத் தொடங்கி எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. சிசி7 என்ற சிக்னல் முறை வந்ததும் அதற்கெனத் தனி லிங்க். கட்டணமில்லா 800 எண்ணுக்கு ஒருவர் போன் செய்தால், அந்த எண் உண்மையில் எந்த ஊர் எந்த வீடு என்று எக்ஸ்சேஞ்ச் மையத்து டேட்டாபேஸைக் கேட்கும். அமெரிக்காவில் ஏடி&டி இதை 1980-களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டது. நீங்கள் இன்று கன்ட்ரோலர் என்பதன் தாத்தா அது.

அதன் கெட்ட பக்கமும் எங்களுக்குத் தெரியும். 1990 ஜனவரி 15. ஏடி&டி-யின் நெடுந்தூர நெட்வொர்க்கில் 114 ஸ்விட்சுகள், எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள். அதில் ஒரு தவறான வரி. ஒரு ஸ்விட்ச் கோளாறாகித் தானே எழுந்து, "நான் வந்துவிட்டேன்" என்று பக்கத்து ஸ்விட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியை வாங்கிய ஸ்விட்ச் விழுந்தது. அதுவும் எழுந்து செய்தி அனுப்பியது. 9 மணி நேரம் இப்படியே ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டிருந்தன. கேபிள் ஒன்றும் அறவில்லை.

நண்பரின் 17.3 கிலோமீட்டருக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் கேபிள் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருந்தது. கனமான நோட்டு. இத்தனையாவது மைல் கல்லிலிருந்து இத்தனை அடியில் ஜாயின்ட், சாலையிலிருந்து இத்தனை அடி உள்ளே, எந்தப் புளியமரத்துக்கு நேரே என்பது வரை எழுதியிருக்கும். எழுதாததை லைன்மேன் தலையில் வைத்திருப்பார். அவர் ஓய்வு பெற்றபோது கேக் வெட்டினோம், சால்வை போர்த்தினோம், தலையில் இருந்ததை யாரும் எழுதி வாங்கவில்லை. உங்கள் கன்ட்ரோலருக்குக் குறைவது மூளை அல்ல, அந்த நோட்டு.

#6 வெள்ளைப்பெட்டி

ஐயாவோட போஸ்ட்டை பிரின்ட் எடுத்து எங்க ஆபீஸ்ல ஒட்டணும்.

நான் பணத்தைப் பத்திப் பேசறேன், ஏன்னா கேரியர் இதுல இறங்கினதே பணத்துக்காகத்தான். 2012 அக்டோபர்ல ஜெர்மனியில டார்ம்ஸ்டட்ங்கற ஊர்ல 13 ஆபரேட்டர் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கை போட்டாங்க. ஏடி&டி, பிடி, என்டிடி, டெலிஃபோனிகா, டெல்ஸ்ட்ரா எல்லாம் அதுல உண்டு. சாராம்சம்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்பெஷல் பெட்டி வாங்கி மாளலை, எல்லாத்தையும் சாதாரண சர்வர்ல மென்பொருளா குடுங்க. அதுதான் என்எஃப்வி. எஸ்டிஎன்னும் அதுவும் ரெட்டைப் பிள்ளை மாதிரி, ஜாதகம் வேற வேற.

ரொம்ப துணிஞ்சு இறங்கினது ஏடி&டி. 2020-க்குள்ள நெட்வொர்க்ல 75 சதவீதத்தை மென்பொருள் கட்டுப்பாட்டுல கொண்டாறோம்னு சொன்னாங்க. சும்மா சொல்லலை. தாங்களே எழுதின ஆட்டோமேஷன் கோடை லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் குடுத்தாங்க, அதுதான் 2017-ல ஓனாப்ங்கற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஆச்சு. 2019-ல ஒரு ரவுட்டர் டிசைனையே வெளியிட்டாங்க. பெரிய சேசிஸ் (கார்டு சொருகற ஒத்தைப் பெரிய பெட்டி) வேண்டாம், 100 ஜி போர்ட் 40 இருக்கற சின்னப் பெட்டிகளை அடுக்கிக் கேபிளால கட்டு. ஒரு பெட்டின்னா 4 டெராபிட், அடுக்கிக்கிட்டே போனா 192 டெராபிட். 2020 செப்டம்பர்ல கோர்லயே போட்டுட்டோம்னு அறிவிச்சாங்க. பெட்டி யூஃபிஸ்பேஸ், சிப் பிராட்காம், மென்பொருள் ட்ரைவ்நெட்ஸ். கோர் ரவுட்டர்னா ரெண்டு மூணு பேர்தான் விக்க முடியும்னு இருந்த காலத்துல வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்.

சேசிஸ் ரவுட்டர்ல லைன் கார்டு நிரம்பிச்சுன்னா என்ன ஆகும்? புது சேசிஸ், புது ரேக், ஆறு மாச பர்சேஸ் ஆர்டர், ஃபோர்க்லிஃப்ட். இதுல ஒரு பெட்டி கூட வை, கேபிள் சொருகு. ஆனா அந்தக் கேபிளைப் பாத்திருக்கீங்களா? சேசிஸுக்குள்ள பேக்பிளேன்ல மறைஞ்சிருந்ததெல்லாம் இப்போ ரேக்குக்கு வெளியில தொங்குது. இடியாப்பம்.

மறுபக்கம் கேளுங்க. 2021-ல அதே ஏடி&டி, தன்னோட 5ஜி கோர் ஓடற நெட்வொர்க் கிளவுட் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட்கிட்ட குடுத்துச்சு. 2023 கடைசியில வர்ச்சுவல் மெஷின் மென்பொருள் விக்கற விஎம்வேரை பிராட்காம் வாங்கினாங்க. 2024-ல லைசன்ஸ் தகராறுல ஏடி&டி கோர்ட்டுக்குப் போச்சு. அவங்க மனுவுல சொன்ன கணக்கு: சுமார் 8,600 சர்வர்ல 75,000 வர்ச்சுவல் மெஷின் விஎம்வேர் மேல ஓடுது. பெட்டிக்காரன் பிடியிலேர்ந்து தப்பிச்சு மென்பொருள்காரன் மடியில விழுந்த கதை. கோர்ட்டுக்கு வெளியில சமரசம் ஆயிடுச்சு, அது வேற.

#7 கடைசி_வருஷம்

அப்போ கூகுள் மட்டும் எப்படி ஓப்பன்ஃப்ளோலயே ஜெயிச்சாங்க? அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கற பி4 நெட்வொர்க் பத்தின பேப்பர் படிச்சேன், லிங்க்கை கிட்டத்தட்ட 100 சதவீதம் வரைக்கும் ஓட்டறாங்களே.

#8 லேபிள்ஸ்டேக்

நல்ல கேள்வி. பி4 பேப்பர் வந்தது 2013. பல லிங்க்குகள் 100-ஐ நெருங்கும், நீண்டகாலச் சராசரி 70 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். சாதாரண வைட் ஏரியா லிங்க் 30, 40-ல் ஓடும். மீதி எல்லாம் "ஏதாவது அறுந்தால்" என்று சும்மா வைத்திருப்பது.

ஆனால் பி4-ல் ஓடுவது கூகுளின் சொந்தச் சரக்கு. ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய காப்பி போகிறது. லிங்க் அறுந்தால் "நீ கொஞ்சம் பொறு" என்று அந்த மென்பொருளுக்கே சொல்லலாம். அனுப்புபவரும் அவர்கள், பெறுபவரும் அவர்கள், ரோடும் அவர்களுடையது. கேரியர் யாரிடம் சொல்வது? கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் "ஐயா, அடுத்த ஓவர் அப்புறம் பாருங்கள்" என்றா? நம் வெண்டர்கள் அந்த 100 சதவீத ஸ்லைடை எடுத்துவந்து கேரியர் போர்டு ரூமில் போட்டார்கள். நான் இதில் கொஞ்சம் கசப்போடு பேசுகிறேன், மன்னிக்கவும். அந்த ஸ்லைடை நம்பிக் கெபாசிட்டி பட்ஜெட்டை வெட்டிய மீட்டிங்கில் இருந்திருக்கிறேன்.

#9 ஸ்காபரோ_தம்பி

நானும் ஒண்டு சொல்லலாமோ? நான் டொரொன்டோப் பக்கம் இருக்கிறன், நெட்வொர்க் வேலைதான்.

இஞ்ச எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற நாள் 2022 ஜூலை 8. கனடாவின்ட பெரிய டெலிகாம் கம்பெனி ரோஜர்ஸ் நாடு முழுக்க விழுந்தது. 1 கோடி 20 லட்சத்துக்கும் மேல வாடிக்கையாளர், கடைகளில கார்ட் வேலை செய்யேல்லை, அவசர உதவிக்கு 911 எடுக்க ஏலாமல் கன பேர். பிறகு வந்த விசாரணை அறிக்கையில காரணம் எழுதியிருக்கு. கோர் அப்கிரேட் செய்யேக்க ஒரு ரவுட்டரில இருந்த ஃபில்டரை எடுத்திட்டினம், ரூட் எல்லாம் வெள்ளமாப் பாஞ்சு கோர் ரவுட்டர்கள் மூழ்கிப் போச்சு. இது எஸ்டிஎன் பிழை இல்லை, பழைய மாதிரியான பிழைதான்.

நான் சொல்ல வாறது அதுக்குப் பிறகு நடந்தது. ரவுட்டரை நிர்வகிக்கிற மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அதே கோரில தங்கியிருந்தது. கோர் விழ, உள்ளுக்குப் போய்ப் பார்க்க வழியில்லை. எஞ்சினியர்மாரின்ட போனும் அதே கம்பெனி சிம். காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணித்தியாலம் போல போட்டுது. கன்ட்ரோலர் வச்சிருக்கிற எல்லாரும் இதைத்தான் முதல் கேக்க வேணும்: உங்கட கன்ட்ரோலர் ரவுட்டரோட கதைக்கிறது எந்த வழியால? அது தான் நிர்வகிக்கிற அதே நெட்வொர்க்காலயோ?

கூகுளும் இதிலயிருந்து தப்பேல்லை. 2019 ஜூன் 2. மெயின்டனன்ஸ் ஆட்டோமேஷன் ஒண்டு தவறுதலாகப் பல இடத்து நெட்வொர்க் கன்ட்ரோல் மென்பொருளை ஒரே நேரத்தில நிப்பாட்டிப் போட்டுது. மூளை இல்லாட்டியும் கொஞ்ச நேரம் பழைய வழியிலேயே ஓடும் எண்டு வடிவமைச்சிருந்தவை. அப்பிடித்தான் சில நிமிஷம் ஓடினது. பிறகு பிஜிபி ரூட்டெல்லாம் விலக, அமெரிக்காவின்ட கிழக்குப் பக்கம் பெரிய நெரிசல். சரி செய்யிற ஆக்களின்ட டூலும் அதே நெரிசலுக்குள்ள மாட்டுப்பட்டுது. நாலு மணித்தியாலத்துக்கு மேல போனது.

#10 வெள்ளைப்பெட்டி

> உங்கட கன்ட்ரோலர் ரவுட்டரோட கதைக்கிறது எந்த வழியால?

இதை டெண்டர்ல முதல் கேள்வியா போடணும். எங்க இடத்துல பதில் "இன்-பேண்ட்". அதே வழிதான். அதுக்கப்புறம் ரெண்டு நாள் சரியாத் தூங்கலை.

#11 கேபிள்_ரெஜிஸ்டர்

எங்கள் காலத்தில் எக்ஸ்சேஞ்சுக்குள் ஆர்டர் வயர் என்று தனிக் கம்பி இருக்கும். லைன் எல்லாம் செத்தாலும் ஸ்டேஷனும் ஸ்டேஷனும் பேசிக்கொள்ள. அதைத் தொடக்கூடாது, வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடாது.

#12 கடைசி_வருஷம்

கொஞ்சம் சுயநலமான கேள்வி. இதெல்லாம் வந்தா ரவுட்டர் கான்ஃபிக் தெரிஞ்சவங்களுக்கு வேலை இருக்குமா? எல்லாரும் பைத்தான் படின்னு சொல்றாங்க.

#13 நடுராத்திரி_ஷிஃப்ட்

படி தம்பி. ஆனா பிஜிபியை விட்டுட்டுப் படிக்காதே.

முன்னாடி என் வேலை எப்படின்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு மெயின்டனன்ஸ் விண்டோ, ஒரு ரவுட்டர்ல லாகின், பத்து நிமிஷத்துல உறுதி பண்ணலைன்னா தானா பழையபடி மாறிடற மாதிரி கமிட் போட்டுட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பிங்கைப் பாக்கறது. தப்புப் பண்ணினா ஒரு ஊர் போகும். இப்போ ஒரு டெம்ப்ளேட் மாத்தறேன், அது 300 ரவுட்டருக்குப் போகுது. தப்புப் பண்ணினா மாநிலம் போகும். அதனால முதல்ல லேப், அப்புறம் ஒரு ரவுட்டர், அரை மணி காத்திருப்பு, அப்புறம் பத்து. கை ஓய்ஞ்சிருக்கு, வயித்துல புளி கரைக்கறது மட்டும் குறையலை.

இன்னொண்ணு. ஸ்டாண்டர்டு மாடல் ஒண்ணுதான், எல்லா வெண்டருக்கும் ஒரே யாங் (கான்ஃபிக்கை விவரிக்கற மாடல் மொழி) அப்படின்னு சொல்வாங்க. நம்பாதே. ஒவ்வொரு வெண்டரும் "இதை மட்டும் நாங்க ஆதரிக்கலை"ன்னு ஒரு டீவியேஷன் ஃபைல் தருவாங்க. ஒரு வெண்டரோட ஃபைல் மாடலை விடப் பெரிசா இருந்துச்சு. அந்த ஃபைலைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரிஞ்சவனுக்கு இன்னும் இருபது வருஷம் வேலை உண்டு.

#14 லேபிள்ஸ்டேக்

ஜப்பானையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படம் ஒருபக்கமாகிவிடும். ரகுட்டன் மொபைல் 2020 ஏப்ரல் 8-ல் வணிகச் சேவை தொடங்கியது. பழைய நெட்வொர்க் என்ற சுமையே இல்லாமல் ரேடியோ முதல் கோர் வரை மென்பொருளாகக் கட்டியது. அதைக் கட்டிய தாரிக் அமின் அதற்கு முன் ஜியோவில் இருந்தவர். தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் ரகுட்டன் குழுமத்துக்கு மொபைல் பிரிவு வருடக்கணக்காகப் பெரும் நஷ்டம். டவர் கட்ட, ஃபைபர் இழுக்க ஆகும் செலவை எந்த மென்பொருளும் குறைக்காது.

அதே ஜப்பானில் 2022 ஜூலையில் கேடிடிஐ என்ற டெலிகாம் நிறுவனம் 61 மணி நேரம் தடுமாறியது. ஒரு கோர் ரவுட்டர் மாற்றும் வேலையில் தவறு, அதைத் திருப்பிப் போட்டதும் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மீண்டும் பதிவு செய்ய ஓடிவந்து 4ஜி-யில் குரல் அழைப்பைக் கையாளும் வோல்ட்டி முனைகளை மூழ்கடித்தன. நெட்வொர்க்கை முழுதாகப் பார்த்து, ஆரம்பத்திலேயே வரத்தைக் கட்டுப்படுத்தும் ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு நீண்டிருக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். மையக் கட்டுப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை.

#15 நடுராத்திரி_ஷிஃப்ட்

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். எஸ்ஆர்எல்ஜி நம்பரையெல்லாம் சரி பண்ணினேன், அதான் சொல்லிட்டுப் போலாம்னு.

கேபிள்_ரெஜிஸ்டர் ஐயா சொன்ன நோட்டு எங்ககிட்ட இல்லை. அதனால ஃபைபர் ஒட்டற எங்க ஸ்ப்ளைசர் ஒருத்தரோட பைக்ல பின்னாடி உக்காந்து போனேன். அவருக்கு 22 வருஷ சர்வீஸ், ஆண்ட்ராய்டு போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணத் தெரியாது, ஆனா எந்தப் பாலத்துக்கு அடியில யார் யார் கேபிள் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றார். அந்த கல்வெர்ட்ல ரெண்டு இல்லை, நாலு கம்பெனி கேபிள். அதுல ஒண்ணு எங்க மூணாவது பாதை. அதாவது ரெண்டும் அறுந்தா இருக்கவே இருக்குன்னு நாங்க நம்பிக்கிட்டிருந்த பாதை.

ரோடு போடறவங்க தோண்டறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும்னு மத்திய அரசு 2023 மார்ச்ல கால் பிஃபோர் யூ டிக்னு ஒரு ஆப் விட்டாங்க. அந்தக் காண்ட்ராக்டர்கிட்ட கேட்டேன். "ஆப் இருக்கு சார், ஆனா உங்க கேபிள் அங்க இருக்குன்னு அதுல காட்டலையே"ன்னார். உண்மைதான். நாங்கதான் ஏத்தலை.

ரெண்டு வாரம் சுத்தினோம். பள்ளம், பாலம், கல்வெர்ட், ரயில்வே கிராசிங் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எஸ்ஆர்எல்ஜி நம்பர். எல்லாத்தையும் போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏத்திட்டு, பாதுகாப்புள்ள சர்வீஸ் எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போடுன்னு கன்ட்ரோலருக்குச் சொன்னேன். நாலு செகண்ட்தான். 41 சர்வீஸுக்கு "தனிப்பாதை இல்லை"ன்னு சிவப்பு அலாரம். எல்லாத்துக்கும் தனிப்பாதைன்னு சொல்லித்தான் வாடிக்கையாளர்கிட்ட பணம் வாங்கறோம்.

திங்கக்கிழமை காலையில மேனேஜர் மெயில்: "மேப்பைக் கஸ்டமருக்குக் காட்டறப்போ அந்த அலாரத்தை மட்டும் தெரியாம வைக்க ஆப்ஷன் இருக்கா?"

#16 வெள்ளைப்பெட்டி

இருக்கும். எல்லா கன்ட்ரோலர்லயும் அந்த ஆப்ஷன் இருக்கும். ஆனா அந்த மெயிலை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க.

#17 கேபிள்_ரெஜிஸ்டர்

அந்த ஸ்ப்ளைசருக்கு எப்போது ஓய்வு?

#18 நடுராத்திரி_ஷிஃப்ட்

அடுத்த மார்ச் ஐயா. தெற்கு ரூட் இன்னும் பாக்கி. வர்ற சனிக்கிழமை காலையில கிளம்பறோம், பைக் பெட்ரோல் என்னோடது.